எல்லையும் மந்தமும்: பெருமந்தக் காலத்தில் திருவிதாங்கூரும் அண்டைப் பகுதிகளும் (1929–1940)
— பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களை முன்வைத்து —

முன்னுரை

ஓர் அரசின் பொருளியல் நிலையை அண்டை அரசின் நிலையோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது வரலாற்று ஆய்வில் நெடுங்காலமாக இருந்துவரும் முறையாகும். வளர்ச்சிக் காலங்களைவிட வீழ்ச்சிக் காலங்களில் இவ்வொப்பீடு கூடுதல் பயன் தருகிறது. எல்லா நாடுகளையும் ஒரே இடர் தாக்கும்போது, ஒவ்வொன்றின் உள்ளமைப்பும் வெளிப்பட்டு விடுகிறது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தையின் சரிவோடு தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தென்னிந்தியாவைத் தாக்கியதைப் பற்றிக் கிறிஸ்டோபர் பேக்கர், கா. அ. மணிக்குமார் முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகள் பெரும்பாலும் சென்னை மாகாணத்தை மையமாகக் கொண்டவை. திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றின் வரலாறு கேரள வரலாற்றாசிரியர்களால் தனியே எழுதப்பட்டுள்ளது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மலைப்பகுதியும் கணவாய்ப் பகுதியும் இரு வரலாறுகளிலும் ஓரத்தில் நின்றுவிட்டன.

இன்றைய கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறங்களைக் களமாகக் கொண்டு, பெருமந்தத்தைத் திருவிதாங்கூரும் அதன் அண்டைப் பகுதிகளும் எதிர்கொண்ட முறைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. அரசுகளின் கணக்குகளை மட்டும் ஒப்பிடும் முறை, ஓர் அரசில் உழைத்து மற்றோர் அரசில் குடும்பம் நடத்திய எல்லைப்புறத் தமிழ் மக்களின் இழப்பைக் காணத் தவறிவிடுகிறது என்பதை நிறுவுவது இதன் நோக்கமாகும்.

களமும் ஆட்சிகளும்

பாலக்காடு மாவட்டம் 1957 ஜனவரி 1 அன்றும், இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்றும் உருவாக்கப்பட்டவை. பெருமந்தக் காலத்தில் இப்பகுதிகள் மூன்று ஆட்சிகளின்கீழ் இருந்தன. பாலக்காடு வட்டம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை அடுத்த சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உரியது. கொச்சியின் பிற பகுதிகளினின்று பிரிந்து, பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளால் சூழப்பட்டுக் கிடந்தது. தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகள். இவற்றின் கிழக்கே கோயம்புத்தூர், மதுரை ஆகிய சென்னை மாகாண மாவட்டங்கள் அமைந்திருந்தன. பாலக்காட்டுச் சந்தையில் நெல் விற்ற ஓர் உழவர் சில கல் தொலைவு கிழக்கே நடந்தால் வேறோர் அரசின் குடியாகிவிடுவார்.

ஆட்சி எல்லைகள் இருந்தனவே தவிர, பொருளியல் எல்லைகள் அத்துணை வலுவாக இல்லை. பாலக்காட்டுக் கணவாய் பண்டுதொட்டே கொங்கையும் சேரநாட்டுக் கடற்கரையையும் இணைத்த பெருவழி. 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை அமைந்த இருப்புப்பாதையும் அக்கணவாய் வழியாகவே சென்றது. 1865ஆம் ஆண்டின் வணிக உடன்படிக்கைக்குப் பின்னர்த் திருவிதாங்கூரும் கொச்சியும் தம் இறக்குமதித் தீர்வைகளைப் பிரித்தானிய இந்தியாவின் தீர்வைகளோடு பொருத்திக்கொண்டன. திருவிதாங்கூருக்குச் சக்கரம், பணம் எனத் தனி நாணயங்கள் இருந்தபோதிலும், பிரித்தானிய இந்திய ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்ற கட்டுக்குள் அவை இயங்கின. அந்த ரூபாயோ 1927இன் நாணயச் சட்டப்படி ஒரு ஷில்லிங் ஆறு பென்சு என்ற மதிப்பில் இங்கிலாந்து நாணயத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. எனவே மந்தம் வந்தபோது தீர்வையை உயர்த்தியோ நாணய மதிப்பைக் குறைத்தோ தன் குடிகளைக் காக்கும் வழி திருவிதாங்கூருக்கு இல்லை. சென்னை மாகாண அரசுக்கும் அவ்வுரிமை இல்லை. இருவரும் ஒரே கூரையின்கீழ் நின்றனர்; ஒழுகிய இடங்களே வேறுபட்டன.

நெல்லை விற்றவரும் வாங்கியவரும்

பெருமந்தத்தின் முதல் அடையாளம் விளைபொருள் விலைவீழ்ச்சி. சென்னை மாகாணத்தில் 1929க்கும் 1933க்கும் இடையே நெல் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நிலவரியும் கடனும் பணமாகச் செலுத்தப்பட வேண்டியவை. ஆகவே முன்னர் ஒரு மூட்டை நெல் விற்று அடைத்த கடனுக்கு இரு மூட்டை விற்க வேண்டியதாயிற்று. பர்மா அரிசியின் வரவு நிலைமையை மேலும் மோசமாக்கியது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தமையால், அங்கிருந்து வந்த அரிசிக்கு இறக்குமதித் தீர்வை விதிக்க இடமில்லை.

பாலக்காடு நெல் மிகுந்த பகுதி. தன் தேவைக்கு மேல் விளைத்து மேற்குக் கடற்கரைக்கு அனுப்பியது. அக்கடற்கரைத் துறைமுகங்களில் பர்மா அரிசி மலிவாக இறங்கியபோது, பாலக்காட்டு நெல்லின் இயற்கையான சந்தை சுருங்கியது. ஆனால் திருவிதாங்கூரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ 51 இலட்சம் மக்கள் (1931 மக்கள்தொகைக் கணக்கு) வாழ்ந்த அவ்வரசு தன் அரிசித் தேவைக்கு வெளியாரை நம்பியிருந்தது. தென்னைப் பொருள்களும் மிளகும் தேயிலையும் இரப்பரும் விற்று அரிசி வாங்கிய நாடு அது. அரிசி விலை வீழ்ந்தது அங்கே வாங்குவோருக்கு ஆறுதலாயிற்று. எளியோருக்கு மரவள்ளிக் கிழங்கும் துணைநின்றது.

இதனைக் கொண்டு திருவிதாங்கூர் மந்தத்தினின்று தப்பியது எனக் கூறிவிட இயலாது. அரிசி விலை குறைந்த அதே காலத்தில் தேங்காய், கொப்பரை, மிளகு ஆகியவற்றின் விலைகளும் சரிந்தன. வாங்கும் பொருள் மலிந்தபோது விற்கும் பொருளும் மலிந்தது. நடுத் திருவிதாங்கூரின் சிறு உழவர்கள் பலர், 1920களிலேயே தொடங்கியிருந்த வழக்கப்படி, நிலத்தை விற்று மலபாருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே நிலம் மலிவாகக் கிடைத்ததற்கும் மலபார் நிலவுடைமையாளரின் பணத்தட்டுப்பாட்டிற்கும் தொடர்பு உண்டு. ஒரு பகுதியின் வீழ்ச்சி மற்றொரு பகுதியின் வீழ்ச்சிக்குள் இடம் தேடியது எனலாம்.

பாலக்காட்டில் மற்றொரு நுட்பமும் நோக்கத்தக்கது. அங்கு வயற்கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. நெல் விலை வீழ்ந்தபோது உடைமையாளரின் வருவாய் குறைந்தது; அளக்கப்பட்ட நெல்லின் அளவு உடனே குறையவில்லை. மாறாக, மலைத்தோட்டத் தொழிலாளியின் கூலி பணக்கணக்கில் எழுதப்பட்டது. ஆகவே ஒரே எல்லைப்புறத்தில், வயலில் உழைத்தவரையும் மலையில் உழைத்தவரையும் மந்தம் வெவ்வேறு முறையில் தீண்டியது.

மலைத்தோட்டங்கள்

தேவிகுளம் மலைகளில் தோட்டப் பயிருக்கு வித்திட்டது, 1877 ஜூலை 11 அன்று ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து பெற்ற கண்ணன் தேவன் மலை உரிமை. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றிய பின்னர்த் தேயிலை அங்கு முதன்மைப் பயிராயிற்று. இத்தோட்டங்கள் திருவிதாங்கூருக்கு வருவாய் ஈட்டித் தந்தன. எனினும் அவற்றின் வாழ்வு கிழக்கு நோக்கியே இருந்தது. மூணாற்றின் தேயிலை உச்சி நிலையமான டாப் ஸ்டேசனிலிருந்து கம்பிவடம் வழியாகக் கோட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே தூத்துக்குடித் துறைமுகம் சென்றது. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை இருப்புப்பாதை அமைந்தது. தொழிலாளர்களும் அதே வழியாக மேலேறினர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டச் சிற்றூர்களில் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள்சேர்த்தனர். ஏலமலைகளில் நிலைமை சற்று வேறு. அங்கே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் சென்ற தமிழ் உழவர்களே பெருமளவில் ஏலம் பயிரிட்டனர். அவர்களுக்குக் கடன் தந்ததும் காய் வாங்கியதும் போடி வணிகர்கள்.

1930 முதல் தேயிலை விலை சரிந்தது. 1932இல் இலண்டன் சந்தையில் இரப்பர் விலை இராத்தல் ஒன்றுக்கு 2 பென்சுக்கும் கீழே சென்றது. இதற்கு உலகளாவிய உற்பத்தியாளர்கள் கண்ட தீர்வு, விற்பனையைக் கட்டுப்படுத்துவது. இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகிய நாடுகளின் தேயிலை உற்பத்தியாளர்கள் 1933இல் செய்துகொண்ட பன்னாட்டுத் தேயிலை உடன்படிக்கை, முதலாண்டில் ஏற்றுமதியை 15 விழுக்காடு குறைத்தது. புதிய நிலங்களில் தேயிலை நடுவதற்கும் தடை விதித்தது. 1934இல் இரப்பருக்கும் அத்தகைய உடன்படிக்கை ஏற்பட்டது. விலை ஓரளவு நிமிர்ந்தது. ஆனால் ஏற்றுமதிக் குறைப்பின் மறுபக்கம் உழைப்பின் குறைப்பு. குறைவாகக் கொய்யும் தோட்டத்திற்குக் குறைவான கைகளே போதும். உடன்படிக்கைகள் முதலீட்டைக் காத்தன. கொழுந்து கொய்தவரைக் காப்பதற்கு அவற்றில் விதி இல்லை.

திருவிதாங்கூரின் தேவிகுளத்திலும் சென்னை மாகாணத்தின் ஆனைமலையிலும் (வால்பாறை) ஒரே பயிர், ஒரே கங்காணி முறை, ஒரே உடன்படிக்கை. ஆட்சி வேறுபாடு இங்கே தொழிலாளர் வாழ்வில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அரசுகளை ஒப்பிடும் ஆய்வாளர் இவ்வொற்றுமையை மறத்தலாகாது. மலை ஒன்றே, அதன்மேல் வரையப்பட்ட கோடே இரண்டு.

பைக்காராவும் பள்ளிவாசலும்

ஆட்சி வேறுபாடு உண்மையில் வெளிப்பட்ட இடம் மின்சாரமும் தொழில் முதலீடும் ஆகும். நீலகிரியில் சென்னை மாகாண அரசு மேற்கொண்ட பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் மின்னாக்கத்தைத் தொடங்கியது. மந்தத்தின் மிகக் கொடிய ஆண்டுகளில் கோயம்புத்தூருக்கு மலிவான மின்சாரம் வந்து சேர்ந்தது. பருத்தி விலை வீழ்ந்திருந்தது, கூலியும் குறைவு, அயல்நாட்டுத் துணிகள்மீது இந்திய அரசு உயர்த்திய தீர்வை உள்நாட்டு ஆலைகளுக்கு அரணாயிற்று. நிலத்தில் வருவாய் குன்றியதைக் கண்ட கொங்கு நிலவுடைமையாளரும் வணிகரும் தம் முதலை ஆலைகளில் இட்டனர். 1930களில் கோயம்புத்தூரின் நூற்பாலைகள் பன்மடங்காகப் பெருகின. மற்றவர்களை வீழ்த்திய மந்தமே கோயம்புத்தூரை எழுப்பியது என்பது வரலாற்றின் முரண்.

திருவிதாங்கூரிடம் இதற்கு இணையான நீர்வளம் இருந்தது. மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் முதிரப்புழையாற்றின் நீரைக் கொண்டு மின்னாக்கம் செய்யும் திட்டம் 1930களின் நடுவில் தொடங்கப்பெற்று 1940 மார்ச்சில் நிறைவேறியது. பைக்காராவுக்கும் பள்ளிவாசலுக்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் சிறு கால அளவாகத் தோன்றலாம். ஆனால் அவை விலைகள் அடிநிலையில் இருந்து, புதிய ஆலைகளை மலிவாக நிறுவ முடிந்த ஆண்டுகள். பள்ளிவாசல் மின்சாரத்தைக் கொண்டு ஆலுவாய்ப் பகுதியில் அலுமினியம், உரம் முதலிய தொழில்கள் எழுந்தபோது உலகப் போர் தொடங்கிவிட்டிருந்தது. பாலக்காடோ சென்னை மாகாணத்திற்குள் இருந்தும் கோயம்புத்தூரின் எழுச்சியில் அதற்கேற்ற பங்கைப் பெறவில்லை. மாகாண அளவில் வளர்ச்சி எனப் பதிவான ஒன்று, கணவாயின் கிழக்கு வாயிலிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது.

கொச்சியின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 1935 முதல் 1941 வரை அதன் திவானாக விளங்கியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். 1932இல் ஒட்டாவாவில் நடந்த பேரரசுப் பொருளாதார மாநாட்டில் இந்தியப் பேராளர்களுள் ஒருவராகக் கலந்துகொண்டவர்; பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு உரை கண்டவராகத் தமிழுலகம் அறிந்தவர். அவர் காலத்தில் கொச்சித் துறைமுகம் வளர்ச்சி பெற்றது. துறைமுகம் வளர வளரக் கணவாய் வழியாகக் கொங்கின் சரக்குகள் மேற்கே இறங்கின. சிறிய அரசு தன் எல்லைக்குள் விளையாத பொருளாலும் வாழ முடியும் என்பதற்குக் கொச்சி சான்றாயிற்று.

கடனும் சட்டமும்

மந்தத்தின் நெடுநாள் விளைவு கடன். சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1938இல் உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபர் 1க்கு முன்னர் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி முழுதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பது அதன் முதன்மையான கூறு. விலைவீழ்ச்சிக் காலத்து வட்டிச் சுமையை அரசே சட்டத்தால் நீக்கியது பெரும் செயல். ஆயின் அச்சட்டம் பாலக்காட்டு உழவருக்குப் பொருந்தியது. சித்தூர் உழவருக்குப் பொருந்தவில்லை. கொச்சியும் திருவிதாங்கூரும் தத்தம் கடன் நிவாரணச் சட்டங்களை அடுத்துவந்த ஆண்டுகளிலேயே இயற்றின. கடன் கொடுத்தவர் ஓர் அரசிலும் வாங்கியவர் மற்றோர் அரசிலும் வாழ்ந்த எல்லைப்புறத்தில் இக்கால இடைவெளி யாருக்குச் சாதகமாயிருந்திருக்கும் என்பதை எளிதில் உய்த்துணரலாம்.

திருவிதாங்கூரின் தனித்தன்மை அதன் வங்கிகள். சிட்டு நிதிகளிலிருந்து வளர்ந்த சிறு வங்கிகள் அங்கே ஏராளம். 1937இல் இரு பெரிய வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி, 1938 ஜூனில் பணம் வழங்குவதை நிறுத்தியது. சர் சி. பி. இராமசாமி ஐயரின் திவான் ஆட்சிக்கும் வங்கியின் தலைவர்களுக்கும் இடையிலான அரசியல் பகை இவ்வீழ்ச்சியில் வகித்த பங்கு இன்றும் விவாதிக்கப்படுகிறது. காரணம் எதுவாயினும், மற்ற இடங்களில் மந்தம் தணிந்துவந்த காலத்தில் திருவிதாங்கூரின் நடுத்தர மக்கள் தம் சேமிப்பை இழந்தனர். 1933இல் கணக்கெடுத்திருந்தால் திருவிதாங்கூர் அண்டையாரைவிட நன்னிலையில் தோன்றியிருக்கும். 1938இல் எடுத்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

இரு கணக்கிலும் இடம்பெறாதோர்

இவ்வொப்பீட்டிற்கு மூலங்களிலேயே ஓர் இடர்ப்பாடு உண்டு. சென்னை மாகாண வருவாய்க் கணக்கு ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டைப் பின்பற்றியது. திருவிதாங்கூர்க் கணக்கு ஆகஸ்டு நடுவில் தொடங்கும் கொல்லம் ஆண்டைப் பின்பற்றியது. பசலி 1339உம் கொல்லம் 1105உம் ஏறத்தாழ ஒரே ஆண்டு (1929–30). ஆயினும் முற்றும் ஒன்றல்ல. மேலும் ஏறத்தாழ 4.67 கோடி மக்கள்தொகை கொண்ட மாகாணத்தின் சராசரியை 51 இலட்சம் மக்களைக் கொண்ட சமஸ்தானத்தின் சராசரியோடு ஒப்பிடுவதால் பெறும் விடை, இரண்டிற்கும் நடுவிலுள்ள மலையைப் பற்றி ஒன்றும் கூறாது.

கம்பத்தை அடுத்த ஒரு சிற்றூரின் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். ஆடவரும் பெண்டிரும் சிலர் தேவிகுளம் தோட்டத்தில்; முதியோரும் சிறுநிலமும் ஊரில். தோட்டத்தில் கூலி குறைந்தால் அது திருவிதாங்கூரின் தோட்டத் தொழில் பற்றிய செய்தி. ஊரில் நெல் விலை வீழ்ந்தால் அது மதுரை மாவட்ட வேளாண்மை பற்றிய செய்தி. இரண்டும் ஒரே அடுப்பில் உலை குறைந்த செய்தி என்பதை எந்த அரசின் அறிக்கையும் எழுதவில்லை. வேலை இழந்து மலையிறங்கியவர் திருவிதாங்கூரின் வேலையற்றோர் கணக்கில் வரவில்லை. அவர் அந்நாட்டுக் குடி அல்லர். சென்னை மாகாணத்திலோ அவர் ஊர் திரும்பிய உழவர்; அவ்வளவே. திருவிதாங்கூர் மந்தத்தைத் தாங்கியதற்கு ஒரு காரணம், அதன் சுமையின் ஒரு பகுதியைக் கிழக்குச் சரிவில் இறக்கிவைக்க முடிந்தமையே. இதே போக்கைக் கடல் கடந்தும் காணலாம். 1930 முதல் 1932 வரை மலேயாவிலிருந்து ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், திருப்பி அனுப்பப்பட்டனர். மந்தக் காலத்தில் தமிழகச் சிற்றூர்கள் மலேயாவிற்கும் இலங்கைக்கும் மூணாற்றிற்கும் ஒருசேரக் காப்பிடமாயின.

அரசு ஆவணங்கள் விட்ட இவ்விடத்தை இலக்கியமே ஓரளவு நிரப்பியுள்ளது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற நெல்லைப் பெண்ணொருத்தியின் வாழ்வை 1930களிலேயே எழுதியது. மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கிய புதினம், பெருமந்தத்தை ஒட்டிய காலத்து ஆனைமலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டது. இவற்றைப் புனைவு என ஒதுக்காமல், கணக்கேடுகளில் இல்லாத இணைப்பைக் காட்டும் துணைச் சான்றுகளாகக் கொள்வது பொருந்தும். ஊரையும் தோட்டத்தையும் ஒரே வாழ்வின் இரு பகுதிகளாக அவை காண்கின்றன.

பிற்கால மந்தத்தில் தொடர்ச்சி

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. ஆட்சிகள் மூன்று என்பது இரண்டாயிற்று. எல்லைப்புற வாழ்வின் இயல்பு மாறவில்லை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் தென்னிந்தியத் தேயிலையின் பெருஞ்சந்தை தளர்ந்தது. 1990களின் இறுதியில் விலை சரிந்தது. 2000 முதல் பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. நீலகிரியில் பசுந்தேயிலை விலைவீழ்ச்சியால் சிறு விவசாயிகள் போராடினர். அக்காலத்தில் கேரளத்தின் மாநில வருவாய் வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணத்தால் தளராதிருந்தது. தமிழ்நாட்டின் வருவாய் ஆலைத்தொழிலாலும் சேவைத் தொழில்களாலும் உயர்ந்தது. இரு மாநிலங்களின் சராசரிகளும் நன்னிலையில் இருந்தபோது, மூடிய தோட்டங்களின் லயன்களில் தமிழ்த் தொழிலாளர்கள் கூலியின்றி இருந்தனர். 1930களின் கணக்கில் நேர்ந்த விடுபாடு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் நேர்ந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஊக்கத்தொகைக் குறைப்பை எதிர்த்துத் தெருவில் அமர்ந்தபோதுதான் பலருக்கு அவர்கள் கண்ணில் பட்டனர்.

முடிவுரை

பெருமந்தக் காலத்தில் திருவிதாங்கூர் தன் அண்டையாரைவிட மேம்பட்டதா, தாழ்ந்ததா என்ற வினாவிற்கு ஒற்றை விடை இல்லை. அரிசி வாங்கும் நாடாக இருந்தமையால் தொடக்கத்தில் அது ஓரளவு ஆறுதல் பெற்றது. நெல் விற்ற பாலக்காடு அவ்வாறுதலைப் பெறவில்லை. மின்சாரத்தில் எட்டு ஆண்டுகள் பின்தங்கியமையால், கோயம்புத்தூர் பெற்ற தொழில் வாய்ப்பை அது இழந்தது. கடன் நிவாரணத்தில் சென்னை மாகாணம் முந்தியது. வங்கி வீழ்ச்சி திருவிதாங்கூரைத் தனியே தாக்கியது.

இவை அரசுகளை அலகாகக் கொண்டு பெறும் முடிவுகள். குடும்பத்தை அலகாகக் கொண்டால், கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு வீடு மதுரை மாவட்டத்தின் இழப்பையும் தேவிகுளத்தின் இழப்பையும் ஒருங்கே சுமந்ததைக் காணலாம். எல்லைப்புற வரலாற்றை எழுத முற்படுவோர் பசலிக் கணக்கையும் கொல்லம் ஆண்டுக் கணக்கையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்க வேண்டும். தோட்டப் பேரேடுகளும் போடி வணிகர்களின் கணக்குகளும் கம்பம், போடி ஊர்களில் இன்னும் எஞ்சியுள்ள முதியோரின் வாய்மொழியும் தொகுக்கப்படுதல் உடனடித் தேவையாகும். அந்நினைவுகளைத் தம் பெற்றோரிடமிருந்து நேரே கேட்ட தலைமுறையும் மறைந்துவருகிறது.